பீட்ரூட் மாங்காய் இல்லை

போன மாதப் பத்தியின் கடைசியில், "வினிகரில் ஊறிய பீட்ரூட் பாட்டில் ஆறு மாதமாகப் பரணில் இருக்கிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களே இந்தத் தடவை பக்கத்தை நிரப்பிவிட்டன. நார்த்தங்காய், எலுமிச்சை கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லாஸ்பேட்டை வாசகி: மாங்காய்த் தொக்கு மாதிரியே பீட்ரூட்டைத் துருவி, நல்லெண்ணெயில் வதக்கி, உப்பு, மிளகாய்த்தூள் போட்டு, மேலே எண்ணெய் நிற்க பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைத்தேன். பன்னிரண்டாம் நாள் திறந்தபோது சோடா பாட்டில் போல 'புஸ்' என்றது. ருசி கெடவில்லை. சாப்பிடலாமா?

ருசி கெடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வாயில் வைத்துப் பார்த்துவிட்டீர்கள். அதைப் படித்ததும் எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. முதலில் பாட்டிலை மூடி, கவரில் கட்டி, நாயோ மாடோ கிளறாதபடி குப்பையில் போடுங்கள். வீட்டில் சாப்பிட்ட யாருக்காவது கண் மங்கல், இமை சொருகல், விழுங்கக் கஷ்டம், நாக்குக் குழறல் என்று ஏதாவது வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மாங்காயும் எலுமிச்சையும் பிறவியிலேயே புளிப்பு. அந்தப் புளிப்புதான் பாதிக் காவல். உப்பும் வெயிலும் எண்ணெயும் மீதிக்குத்தான். பீட்ரூட்டுக்குப் புளிப்பே கிடையாது. பி.எச். என்பது புளிப்பை அளக்கும் எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். பீட்ரூட்டுக்கு அது ஐந்துக்கு மேல். மண்ணுக்குள் விளைகிற கிழங்கு என்பதால் மண்ணில் கிடக்கும் பாட்டுலினம் கிருமியின் வித்துகளும் கூடவே வரும். அந்த வித்துக்குப் பிடித்த இடம் காற்றுப் புகாத, புளிப்பில்லாத, ஈரமான இடம். நீங்கள் மேலே எண்ணெய் ஊற்றிக் காற்றை அடைத்துக் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். சத்தம் போட்டது வேறு ஏதோ புளிக்கிற நுண்ணுயிராகவும் இருக்கலாம். ஆனால் பாட்டுலினத்தின் நஞ்சுக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. மூக்கை வைத்தோ நாக்கை வைத்தோ தீர்ப்புச் சொல்ல முடியாது.

பி.எச். 4.6-க்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த வித்து முளைக்காது. பீட்ரூட்டை அங்கே இறக்குவதற்குத்தான் வினிகர்.

இதே பீட்ரூட் தொக்கைச் செய்து ஃபிரிட்ஜில் வைத்து நாலைந்து நாளில் முடித்துவிடுங்கள். அதில் ஒரு வம்பும் இல்லை.

கடலூர் மஞ்சக்குப்பம் வாசகி: வினிகர் பீட்ரூட்டை எங்கள் வீட்டுக்கு அளவோடு சொல்லுங்கள் அக்கா. 'கொஞ்சம்', 'தேவையான அளவு' என்று எழுதாதீர்கள்.

சரி, தராசை எடுங்கள். பீட்ரூட் 1.6 கிலோ. ஒவ்வொன்றும் சின்ன சாத்துக்குடி அளவு, அதாவது குறுக்கே இரண்டு, இரண்டரை அங்குலம். எங்கள் ஊர்ப் பெரிய மார்க்கெட்டில் ஊட்டிக் காய் வந்த அன்று தேங்காய்ப் பருமனில் குவித்து வைத்திருப்பார்கள். அதைத் தொடாதீர்கள். நடுவில் நாரோடிப் போயிருக்கும். தண்டு ஒரு அங்குலமும் அடியில் வாலும் இருக்கிற காயாகக் கேளுங்கள். கடைக்காரர் பழக்கத்தில் கத்தியை ஓங்குவார். "அப்படியே குடுங்கண்ணே" என்று நான் கையை நீட்டிவிடுவேன்.

மண் போகக் கழுவி, தோல் சீவாமல், தண்டு, வாலோடு முழுசாக வேகவையுங்கள். 25 முதல் 30 நிமிஷம். குச்சியால் குத்தினால் இறங்க வேண்டும், குழையக் கூடாது. ஆறியதும் தண்டையும் வாலையும் வெட்டிவிட்டு, கட்டை விரலால் அழுத்தித் தள்ளுங்கள். வெந்த சேப்பங்கிழங்குக்கு உரிகிற மாதிரி தோல் வழுக்கிக்கொண்டு வரும். நான் வெறுங்கையால்தான் உரிப்பேன். மறுநாள் பேங்க்கில் ரேகை வைக்க வேண்டிய வேலை இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள். கால் அங்குல வில்லைகளாக நறுக்குங்கள்.

இனி வினிகர். சமையல் குறிப்புகளில் வருவது பெரும்பாலும் ஐந்து சதவீத வினிகர். இந்த அளவு பீட்ரூட்டுக்கு அதில் இரண்டு கப், கூட ஒரு கப் தண்ணீர். நம் கடையில் கிடைக்கும் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பல பாட்டிலில் நாலு சதவீதம் என்றுதான் பொடி எழுத்தில் இருக்கும். அதை வாங்கிக் குறிப்பில் உள்ளபடி தண்ணீரும் ஊற்றினால் புளிப்பு குறைந்துவிடும். அதனால் நாலு சதவீதம் என்றால் தண்ணீரே வேண்டாம். மூன்று கப்பும் வினிகராகவே ஊற்றுங்கள், 720 மில்லி. கணக்குப் போட்டுப் பார்த்தால் குறிப்பில் உள்ளதைவிட ஒரு படி கூடுதல் புளிப்பு. கூடினால் பயமில்லை.

சர்க்கரை 200 கிராம், கல்லுப்பு முக்கால் டீஸ்பூன், பல்லாரி வெங்காயம் நடுத்தரமாக இரண்டு, வட்டமாக நறுக்கியது. பட்டை ஒரு விரல் நீளம், கிராம்பு ஆறு. இரண்டையும் துணியில் முடிந்து போடுங்கள். கிராம்பு பாட்டிலுக்குள் தங்கினால் மூன்றாம் மாதம் பல் டாக்டர் கிளினிக் வாசனை வரும். வேண்டுமானால் மிளகோ காய்ந்த மிளகாயோ சேர்க்கலாம். பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் என்று ஈரச் சாமான் கூட்டாதீர்கள். அது புளிப்பைக் குடித்துவிடும்.

எல்லாவற்றையும் ஸ்டீல் பாத்திரத்தில் கொதிக்கவிடுங்கள். பித்தளையும் அலுமினியமும் வினிகருக்கு ஆகாது. கொதி வந்ததும் பீட்ரூட், வெங்காயம் போட்டு ஐந்து நிமிஷம் சிறு தீயில் வைத்து, முடிச்சை எடுத்துவிடுங்கள். அரை லிட்டர் பாட்டில் நாலு நிரம்பும். பாட்டில் சூடாக இருக்க வேண்டும், சாறும் சூடாக இருக்க வேண்டும். வாயிலிருந்து அரை அங்குலம் காலி விடுங்கள். மூங்கில் குச்சியை ஓரமாக விட்டுச் சுற்றினால் உள்ளே ஒளிந்திருக்கும் காற்றுக் குமிழ் மேலே வரும். சாறு இறங்கினால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். பாட்டில் வாயைச் சுத்தமான ஈரத்துணியால் துடைத்து, மூடியை விரல் நுனியால் திருகுகிற அளவுக்கு மூடுங்கள். புஜபலம் காட்ட வேண்டாம்.

ஆழமான அண்டாவின் அடியில் துணி விரித்து, பாட்டில்களை நிற்கவைத்து, மூடிக்கு மேல் ஒரு அங்குலம் நிற்கும்படி வெந்நீர் ஊற்றுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகு மணி பாருங்கள். அதிலிருந்து 30 நிமிஷம். அடுப்பை அணைத்து ஐந்து நிமிஷம் கழித்து எடுத்து, மரப்பலகையில் துணி விரித்து வையுங்கள். கிரானைட் மேடையில் நேராக வைத்து, 'படக்'கென்று அடி கழன்று, சமையலறைச் சுவரெல்லாம் சிவப்பாகி, பால் போட வந்த பையன் "என்னக்கா ஆச்சு?" என்று ஓடி வந்தது என் வீட்டில்தான்.

மூன்று வாரம் ஊறட்டும். ஒரு வருஷத்துக்குள் முடித்துவிடுங்கள்.

திருப்பாப்புலியூர் பாட்டி ஒருவர்: வினிகர் வாடை எனக்கு ஆகாது. புளிக்கரைசல் ஊற்றினால் என்ன? புளிப்புதானே?

புளிப்புதான் பாட்டி. ஆனால் எவ்வளவு புளிப்பு? பழம்புளி ஒரு மாதிரி, புதுப்புளி ஒரு மாதிரி. நீங்கள் கெட்டியாகக் கரைப்பீர்கள், மருமகள் நீர்க்கக் கரைப்பார். வினிகர் பாட்டிலில் சதவீதம் அச்சடித்திருக்கிறது, புளி உருண்டையில் இல்லையே. என் மாமியார் கடலூர் முதுநகர்க்காரர். எண்ணெய் இல்லாத ஊறுகாயை ஊறுகாய் என்றே ஒப்புக்கொள்ளாதவர். அவருக்காக ஒரு தடவை வினிகரைப் பாதியாகக் குறைத்தேன். இரண்டாவது வாரமே நாலு மூடியும் பூரி மாதிரி உப்பிக்கொண்டன. அத்தனையும் குப்பை. புளிக்கரைசலில் செய்வதைத் தாராளமாகச் செய்யுங்கள், ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரம் சாப்பிடுங்கள். பாட்டிலில் அடைக்க வேண்டாம். வீட்டில் புளிக்கவைத்த தென்னங்காடிக்கும் (தென்னை வினிகர்) இதே பதில்.

வில்லியனூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் இருக்கிறது. அண்டாவில் பாட்டிலை வேகவைப்பது வீண் வேலை இல்லையா?

ஐயா, 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலை உங்களுக்கு நினைவிருக்கும். தானே புயல் நம் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒன்பது நாள் ஆனது. கடலூர்ப் பக்கம் நாத்தனார் வீட்டில் அதைவிடக் கூட. ஃபிரிட்ஜில் இருந்த மாவும் மீனும் மூன்றாம் நாளே நாறி, தெருவே சேர்ந்து குழி வெட்டிப் புதைத்தோம். பரணில் ஐந்து பீட்ரூட் பாட்டில் இருந்தது. காலையில் பழைய சோறு, ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கஞ்சி, இரண்டுக்கும் அதுதான் தொட்டுக்கொள்ள. எண்ணெய் இல்லாத ஊறுகாயை ஒப்புக்கொள்ளாத மாமியார், பாட்டிலைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இன்னொன்று. பாட்டிலில் அடைத்து வேகவைக்கும் வித்தையே நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுடையது. நிக்கொலா அப்பேர் என்பவர் கண்ணாடிப் பாட்டிலைத் தக்கையால் அடைத்து வெந்நீரில் வேகவைத்துக் காட்டியதற்கு, 1810-இல் அந்த நாட்டு அரசாங்கம் 12,000 பிராங்க் கொடுத்தது. ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. கிருமியைப் பற்றி விஞ்ஞானி லூயி பாஸ்டர் சொல்ல இன்னும் ஐம்பது வருஷம் இருந்தது.

அரியாங்குப்பம் வாசகர்: பழைய ஜாம் பாட்டில் இருபது சேர்த்து வைத்திருக்கிறேன். போதுமா? அண்டாவுக்குப் பதில் குக்கரில் ஐந்து விசில் விட்டால் வேலை சீக்கிரம் முடியாதா?

பாட்டில் போதும் தம்பி, மூடி போதாது. விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், பொக்கை இருந்தால் அந்தப் பாட்டிலைப் பருப்பு போடக் கொடுத்துவிடுங்கள். மூடிக்கு உள்ளே ரப்பர் போல ஒரு வளையம் ஒட்டியிருக்கும். ஒரு தடவை அழுந்தின வளையம் மறுபடி பிடிக்கும் என்று நம்ப முடியாது. கண்ணாடிப் பாட்டில் மொத்தமாக விற்கும் கடையில் உங்கள் பாட்டிலை எடுத்துப் போய்ப் புது மூடி வாங்குங்கள். ஆறும்போது மூடியின் நடு 'டிக்' என்று உள்ளே குழியும். மறுநாள் விரலால் அழுத்துங்கள். அமுங்கி எழுந்தால் சீல் பிடிக்கவில்லை, அந்தப் பாட்டில் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். பிடித்ததையும் ஈரம் போகத் துடைத்து வையுங்கள். நம் உப்புக்காற்றில் மூடி துருப்பிடித்து ஊசித் துளை விழுந்தால் செய்ததெல்லாம் வீண்.

குக்கர் வேண்டாம். வினிகர் இருப்பதால் கொதிநீரே போதும். வினிகர் இல்லாமல் வெறும் பீட்ரூட்டை அடைக்க 121 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அதற்கென்றே கனமான பிரஷர் கருவி தனியாக உண்டு. நம் பருப்புக் குக்கரின் விசிலை நம்பி அந்த வேலையில் இறங்காதீர்கள்.

நெல்லிக்குப்பம் வாசகி: என் பீட்ரூட் வெளிறிப் போய்விட்டதே?

தோல் சீவி, நறுக்கிய பிறகு வேகவைத்திருப்பீர்கள். நிறமெல்லாம் வெந்த தண்ணீரோடு போயிருக்கும். அதற்குத்தான் தண்டும் வாலும்.

ஊட்டிக்கு மாற்றலாகிப் போன பழைய வாசகி: இங்கே பீட்ரூட் தோட்டத்திலிருந்தே வருகிறது. அதே முப்பது நிமிஷம்தானா?

இல்லை, 45. நீங்கள் இருக்கும் உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். கடலோரக் கணக்கு அங்கே செல்லாது. காய் கொடுத்துவைத்த ஊர், இரண்டு பாட்டில் எனக்கும்.

பாகூர் வாசகர்: எனக்குச் சர்க்கரை நோய். சர்க்கரையைக் குறைக்கலாமா? சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று மனைவி பயப்படுகிறார்.

குறைக்கலாம். இங்கே சர்க்கரை ருசிக்குத்தான், காவலுக்கு இல்லை. வினிகரில் மட்டும் கை வைக்காதீர்கள். பீட்ரூட்டிலும் இனிப்பு உண்டு, நாலு வில்லையோடு நிறுத்துங்கள். சிவப்பு பீட்ரூட்டின் சாயம், சிலருக்கு அப்படிப் போகும். பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் போனால் டாக்டரைப் பாருங்கள். சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் சாப்பிடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், கல் உண்டாக்கக்கூடிய ஆக்சலேட் என்ற பொருள் இதில் அதிகம்.

முதலியார்பேட்டை வாசகி: பீட்ரூட் தீர்ந்து சாறு மட்டும் மிஞ்சுகிறது. கொட்ட மனசு வரவில்லை.

கொட்டாதீர்கள். அடுத்த தடவை அடைப்பதற்கு மட்டும் அதை ஊற்றாதீர்கள், புளிப்பு ஏற்கெனவே இளைத்திருக்கும். முட்டை நாலு வேகவைத்து உரித்து, அந்தச் சாற்றில் முழுகப் போட்டு ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். வெளியே வேண்டாம். இரண்டாம் நாள் குறுக்கே வெட்டினால் ஓரம் ரோஸ், நடுவில் வெள்ளை, அதற்குள் மஞ்சள். நீள ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவி, இதை அடுக்கி, மிளகு தட்டிப் போட்டு என் பேரனுக்குக் கொடுப்பேன். முட்டையே தொடாத பிள்ளை, இரண்டு கேட்பான்.