காரைக்குடித் தம்பிக்கு: வீட்டுப் பங்கை இப்போது விற்க வேண்டாம்

தம்பி, பி.இ. முடித்து மூன்று வருடமாக வேலை பார்ப்பதாகவும், ஜெர்மனியில் முதுகலை படிக்க வளவு வீட்டுப் பங்கை விற்றுத் தருவதாக அப்பச்சி சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ கேட்பார்கள். பெரிய தொகை விசாவுக்குத்தான்: 2024 செப்டம்பர் முதல் பிளாக்டு அக்கவுன்டில், அதாவது மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அது தொலைகிற பணம் இல்லை, மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கே வரும். கல்விக் கடன் வாங்கியும் போடலாம்.

அப்புறம், டிஏஏடி என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகையை விட்டுவிடாதீர்கள். வளரும் நாட்டு மாணவர்களுக்கான அதன் முதுகலைத் திட்டம் குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறது, உங்களிடம் இருக்கிறது. பட்டம் வாங்கி ஆறு வருடம் தாண்டியிருக்கக் கூடாது. பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டும்தான். பலவற்றுக்கு, படிப்பு தொடங்க ஒரு வருடம் இருக்கும்போதே கடைசித் தேதி வந்துவிடும். கிடைத்துவிட்டால் பிளாக்டு அக்கவுன்டே வேண்டாம்.

இன்றே பாஸ்போர்ட்டையும் மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊரில் ஒன்றில் லெட்சுமணன், இன்னொன்றில் லட்சுமணன் என்று இருக்கும். இனிஷியல் ஒன்றில் விரிந்திருக்கும். என் தம்பிக்கு இதைத் திருத்தவே இரண்டு மாதம் ஆனது, ஒரு செமஸ்டர் போய்விட்டது. அதைச் சரிசெய்துவிட்டு, உங்கள் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஜெர்மன் விசாவுக்காகத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். எந்தப் பாடம் என்று எழுதினால் படிப்புகளைச் சேர்ந்து தேடலாம்.