மலைப்பள்ளிக்குப் புது டீச்சர்

கேள்வி: சொந்த ஊர் திருவாரூர் பக்கம். கூடலூர் அருகே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். கணக்குக்கு ஆள் இல்லாததால் அதுவும் என் தலையில். எஸ்டேட் பிள்ளைகளும் பணியர் பழங்குடிப் பிள்ளைகளும்தான் அதிகம். கேள்வி கேட்டால் வாயே திறப்பதில்லை. அடுத்த கலந்தாய்வில் மாறுதல் கேட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, கூடலூர்

பதில்: கேளுங்கள், தப்பே இல்லை. ஆனால் அதுவரை தனியாகக் கிடந்து அல்லாடாதீர்கள். பி.எட். 2015-லிருந்து இரண்டு வருடப் படிப்பு, பள்ளிக்குப் போய்ப் பாடம் எடுக்கும் வாரங்களும் கூடின, சரி. அப்போதெல்லாம் தப்பாகச் சொன்னால் திருத்த வகுப்பாசிரியர் ஒருவர் இருப்பார். வேலையில் சேர்ந்த முதல் வருடம்தான் நிஜப் பயிற்சி, அப்போது பார்த்து கூட யாரும் இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் நாய்ஸ் உதவித்தொகை என்று ஒன்று: அறிவியல், கணக்கு படிக்கிறவர்களுக்குப் பணம் கொடுத்து, வாங்கிய ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டு வருடம் ஆசிரியர் கிடைக்காத பள்ளிகளில் வேலை பார்க்கச் சொல்கிறார்கள். பணம் ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும். தங்கவைப்பது துணைதான் என்பது என் கட்சி.

அதனால் ஊட்டியில் அறிவியல் எடுக்கும் ஒரு சீனியரைப் பிடியுங்கள். ஒரே நாளில் இரண்டு பள்ளியிலும் தண்ணீரைக் கொதிக்கவைத்து தெர்மாமீட்டரைப் போடுங்கள். புத்தகத்தில் 100 டிகிரி. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் 92, 93-லேயே கொதித்துவிடும், அதைவிடத் தாழ்வான உங்கள் கூடலூரில் 96, 97 வரும். ஏன் இந்த வித்தியாசம் என்று பிள்ளைகளே போனில் அடித்துக்கொள்ளட்டும். பணியர் பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டு மொழி இல்லை, அதையும் யோசியுங்கள். முதலில் குழுவாகத் தங்கள் பேச்சில் பேசிவிட்டு, அப்புறம் ஒருவர் தமிழில் சொன்னால் போதும்.

கணக்குக்கு ஊட்டி பக்கத்தில், விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் முத்தோரை ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதே! 530 மீட்டர் நீளம், வடக்கு தெற்காக 11 டிகிரி மலைச்சரிவில் நிற்கிறது; ஊட்டியின் அட்சரேகையும் ஏறக்குறைய அதுதான் என்பதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணை. மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு என்று பத்தாம் வகுப்பைக் கேளுங்கள். சைன் அட்டவணையைப் பார்த்தால் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும்.

அப்புறம் தலைமையாசிரியரிடம், எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவேற்றத்தை இந்த ஒரு வருடம் வேறு யாருக்காவது தரச் சொல்லுங்கள். முறைப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.