சமநிலை வரவில்லை என்றால் ஆய்வு தோற்றதாகாது

கேள்வி: பேராதனையில் இறுதி வருட மாணவி நான், ஊர் ஹட்டன். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கொள்வனவுச் சக்திச் சமநிலை (இரு நாட்டு விலை வித்தியாசத்தை நாணய வீதம் காலப்போக்கில் ஈடுசெய்யும் என்பது) உண்டா என்று 2014–2023 மாதத் தரவில் அலகு மூலச் சோதனை (விலகிய தொடர் தன் சராசரிக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பது) செய்தேன். நிரூபணமாகவில்லை. 30,000 ரூபாய் தந்தால் முடிவை வரவைத்துத் தருவதாகக் கண்டியில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இந்தத் தரகர்கள் செய்வது இதுதான்: தொடக்க வருடத்தை நகர்த்துவார்கள், லேக் (சோதனையில் சேர்க்கும் முந்தைய மாதங்கள்) எண்ணிக்கையை மாற்றுவார்கள், முடிவு வந்துவிட்டது என்று காட்டும் நட்சத்திரக் குறி விழுந்ததும் நிறுத்திவிடுவார்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "ஏன் 2016இலிருந்து?" என்று கேட்டால் முழிப்பது நீங்கள்தான். முடிவு வராத ஆய்வைக் குறையாகப் பார்க்கும் நம் பல்கலைக்கழக வழக்கம்தான் இவர்களுக்குச் சோறு போடுகிறது.

உங்கள் சோதனை சமநிலை இல்லை என்று சொல்லவில்லை. உண்டு என்று சொல்ல இந்தத் தரவு போதாது என்கிறது, அவ்வளவுதான். விலை வித்தியாசத்தைக் கழித்துப் பார்க்கும் நாணய வீதம் விலகிப்போனால், பாதித் தூரம் திரும்பவே மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும் என்று பொருளியலாளர் கென்னத் ரொகொஃப் 1996இல் எழுதினார். அப்படியானால் பத்து வருடம் என்ன காணும்? மாதக் கணக்கை வாரக் கணக்காக்கினாலும் காலம் நீளாது. இலங்கை ரூபாயின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்கவிட்ட 2001 ஜனவரி வரை பின்னால் போங்கள்.

அப்புறம், எக்செல்லில் 2023ஐப் பாருங்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு (சுட்டெண்ணை 100 என்று வைக்கும் ஆண்டு) அப்போது 2013இலிருந்து 2021க்கு மாறியது. பழைய தொடரையும் புதியதையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்து இணைக்காமல் அப்படியே ஒட்டியிருந்தால் விலைகள் ஒரே மாதத்தில் சரிந்ததாகக் கணினி எடுத்துக்கொள்ளும். பாதிப் பேர் விழுவது இந்தக் குழியில்தான். (ஹட்டன் சந்தை விலை அந்தச் சுட்டெண்ணில் இல்லை என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.)

முடிவுக்காகச் சோதனையை மாற்றக்கூடாதுதான், ஆனால் 2022 மட்டும் விதிவிலக்கு. மார்ச்சில் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியதும் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து மே மாதத்துக்குள் 360 வரை போனது. விலைகள் பின்னால்தான் ஓடி வந்தன. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. இத்தகைய திடீர் இடமாற்றத்தை, அதாவது முறிவைக் கவனிக்காத சோதனை, திரும்பி வரும் தொடரையும் திரும்பாதது என்று சொல்லிவிடலாம். ஆகவே முறிவைச் சேர்க்கலாம். ஆனால் திகதியை நடந்த சம்பவத்தை வைத்து முன்கூட்டியே எழுதிவையுங்கள். திகதியைக் கணினியைத் தேடவிட்டால், சோதனை எண்ணை ஒப்பிட வேண்டிய எல்லை மதிப்புகளே வேறு. இன்னொன்று: சராசரியே இடம் மாறியது என்று அனுமதித்த பிறகு வரும் "நிரூபணம்" முழுச் சமநிலைக்கு அல்ல, அதைவிடத் தளர்ந்த ஒன்றுக்குத்தான். முறிவோடும் முறிவின்றியும் வந்த இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு மேற்பார்வையாளரிடம் கொடுங்கள்.