எட்டில் ஒன்றுதான் வினை

கேள்வி: அக்கா, அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸுக்கு அலைந்து, கடைசி ஒரு வருடம் ரொம்பவே பட்டுவிட்டார். மலேசியாவில் வேலை பார்க்கும் தம்பியால் வர முடியவில்லை. நான்தான் கொள்ளி வைத்தேன். ‘எல்லாம் போன பிறவி வினை. மகன் கையால் கொள்ளிகூடக் கிடைக்கவில்லை’ என்கிறார் பெரியப்பா. பக்கத்து வீட்டு பர்மிய அம்மாவோ, ‘நீ அழுதால் அவர் போக முடியாமல் நிற்பார்’ என்கிறார். கோவிலுக்குப் போனாலும் மனது ஒட்டவில்லை. இந்தச் சாவுக்கு என்னதான் அர்த்தம்?
– ஒரு வாசகி, யாங்கோன்

பதில்: அன்புத் தங்கைக்கு,

பெரியப்பா சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். சீவகன் என்ற துறவி புத்தரிடம் இதையேதான் கேட்டார்: மனிதர் படுவதெல்லாம் முன்வினையா? இல்லை என்றார் புத்தர். பித்தத்தால் வரும் நோவு உண்டு. சிலேத்துமத்தால், வாதத்தால், மூன்றும் கூடி வருவதும் உண்டு. பருவம் மாறுவதால், உடம்பைச் சரியாகப் பேணாததால், பிறர் தாக்குவதால் வருவதும் உண்டு. வினையை எட்டாவதாகத்தான் சொன்னார். எல்லாமே வினை என்பவர்கள் உலகம் அறிந்த உண்மையைத் தாண்டிப் பேசுகிறார்கள் என்றும் சொன்னார்.

வாதம், பித்தம், சிலேத்துமம் எல்லாம் நம் வைத்தியர்கள் நாடி பிடித்துச் சொல்வதுதானே. ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெட்டுப்போகும். அதற்குக் காரணம் தேடிப் போன பிறவிவரை போக வேண்டாம். வினையைப் பற்றிய பேச்சு, அவரவர் நடத்தையை அவரவர் திருத்திக்கொள்ள. செத்தவருக்குத் தீர்ப்பு எழுத அல்ல.

அப்புறம் கொள்ளி. 1942இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினார்கள். அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர்ப் பாதையிலும் நடந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு மகன் கொள்ளி வைத்தான்? அவர்கள் எல்லாம் கரையேறவில்லை என்று சொல்லப் பெரியப்பாவுக்கு மனது வருமா? உங்கள் அம்மாவுக்குப் பெற்ற மகள் பக்கத்தில் நின்றாள்.

பக்கத்து வீட்டு அம்மா நல்ல மனதோடுதான் சொல்கிறார். பர்மியர் வழக்கில் உயிர் ஏழு நாள் வீட்டைச் சுற்றி இருக்கும். ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சோறு போட்டு வழியனுப்புகிறார்கள். அந்தக் கணக்கிலேயே பார்த்தாலும் அம்மா எப்போதோ கிளம்பிவிட்டார். இப்போது அழுதால் யாரைத் தடுக்கப் போகிறீர்கள்? எல்லாவற்றையும் விட்டுப்போன பட்டினத்தாரே தாய்க்குத் தீ மூட்ட வந்து அழுது பாடியவர்தானே. நீங்களும் நானும் எம்மாத்திரம்.

சாவுக்கு அர்த்தம் என்று ஒன்றை நான் ஒட்டவைக்க மாட்டேன். ஆனால் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் செய்துவைத்த ஏற்பாட்டைப் பாருங்கள். பர்மியர்கள் தானம் கொடுத்துவிட்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, ‘அம்யா, அம்யா, அம்யா’ என்று அந்தப் புண்ணியத்தில் பங்கெடுத்துக்கொள்ள அழைக்கிறார்கள். நாம் எள்ளும் தண்ணீரும் இறைத்து, காக்கைக்குச் சோறு வைக்கிறோம் (யாங்கோன் காக்கைகளைக் கூப்பிடவே வேண்டாம், இலை போடும்போதே வந்துவிடும்). இரண்டிலும் போனவர் பெயரைச் சொல்லி, இருக்கிற ஒரு வயிறு நிறைகிறது. ஆன்மிகம் என்று எனக்குப் புரிவது அவ்வளவுதான். கோவிலில் மனது ஒட்டாததற்கு உங்கள் பக்தி குறைந்தது காரணமில்லை என்றே நினைக்கிறேன். ஒரு வருடமாக அம்மாவைத் தூக்கி, துடைத்து, ஊட்டிய கைக்கு இப்போது வேலை இல்லை.

அதற்கு ஒரு வேலை கொடுங்கள். மாதாமாதம் அம்மாவின் திதியன்று டயாலிசிஸ் பிரிவில் நோயாளிகளோடு வந்து காத்திருப்பவர்களுக்குச் சோறு கொண்டுபோங்கள். அந்த வராந்தாவில் மத்தியானம் எப்படிப் பசிக்கும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அரிசிக்குத் தம்பி பணம் அனுப்பட்டும். வர முடியவில்லையே என்று அவனும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பான். பக்கத்து வீட்டு அம்மாவையும் அழையுங்கள், தண்ணீர் ஊற்றுவதை அவர் பார்த்துக்கொள்வார். இதற்கிடையே தூக்கமோ சாப்பாடோ அடியோடு நின்றுபோனால் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

வருடத் திதிக்குப் பெரியப்பாவையும் கூப்பிடுங்கள். வினை என்று மறுபடி ஆரம்பித்தால், இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுங்கள்.