கூட்டுப் பட்டா நிலத்தைத் தம்பி மட்டும் விற்கலாமா?

ஏற்காட்டில் நீங்கள், அக்கா, தம்பி மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக உள்ள நிலத்தில் ஒரு பகுதியைத் தம்பி மட்டும் விற்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பிரிபடாத தன் மூன்றில் ஒரு பங்கை உங்கள் தம்பி விற்கலாம், உங்கள் கையெழுத்து தேவையில்லை. ஆனால் நீங்கள் எழுதியபடி 'ஓடையோரம் ஒரு ஏக்கர் காப்பித் தோட்டம்' என்று நான்கெல்லை போட்டு விற்றால் அது உங்களையும் அக்காவையும் கட்டுப்படுத்தாது.

பெற்றோர் உயில் எழுதாமல் போனதால்தான் ஏற்காட்டு நிலம் மூவர் பெயரிலும் கூட்டாக ஏறியிருக்கும். அப்புறம், பட்டாவை மட்டும் நம்பி நிற்காதீர்கள். வில்லங்கச் சான்று போட்டு, பாகப்பிரிவினைப் பத்திரம் ஏதும் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 22ஆம் பிரிவைக் காட்டி, வெளியாளுக்கு முன் எங்களுக்குக் கொடு என்று வக்கீல் நோட்டீஸ் விடலாம், தம்பிக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

நீங்கள் சேர்வராயன் மலையாளிப் பழங்குடி என்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. வக்கீலிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.