அந்தமான் கப்பலும் ஊர் திரும்பும் விமானமும்

கேள்வி: ஜனவரியில் குடும்பத்துடன் அந்தமான் செல்கிறோம். ஹேவ்லாக் தீவிலிருந்து காலைக் கப்பலில் போர்ட் பிளேர் திரும்பி, அன்று பிற்பகலே சென்னை விமானம் ஏறலாமா? கப்பல் டிக்கெட்டை அங்கே போய் எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகி, மதுரை

பதில்: நேர அட்டவணையை மட்டும் பார்த்தால் ஏறலாம். ஆனால் கடல் கொந்தளித்தால் கப்பலை ரத்து செய்துவிடுவார்கள் என்பதையும், விமானம் அதற்காகக் காத்திருக்காது என்பதையும் எண்ணிப் பார்த்தால், முதல் நாளே திரும்பி ஓர் இரவு போர்ட் பிளேரில் தங்குவதே நல்லது; செல்லுலார் சிறையைப் பார்ப்பதை அந்த மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி கூட்டம் மிகுந்த மாதமாதலால், விமான டிக்கெட் உறுதியான கையோடு கப்பலுக்கும் இணையத்திலேயே பதிந்துவிடுங்கள். தனியார் விரைவுக் கப்பல்கள் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும், அரசுக் கப்பல் கூடுதல் நேரம் எடுத்தாலும் கட்டணம் குறைவு, மேல்தளத்தில் நின்று காற்று வாங்கவும் இடமுண்டு (விரைவுக் கப்பலில் பெரும்பாலும் ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்தே வரவேண்டும்). முன்பதிவுத் தளங்களில் ஹேவ்லாக்குக்கு 2018இல் சூட்டிய சுவராஜ் தீவு, போர்ட் பிளேருக்கு 2024இல் சூட்டிய ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர்களும் பழைய பெயர்களும் கலந்தே வரும், குழம்ப வேண்டாம். டிக்கெட்டிலுள்ள பெயர் அடையாள அட்டையிலுள்ளபடியே இருக்கட்டும்.