வலைக்கண்ணும் தேர்வு செய்கிறது

வணக்கம் ஐயா,

செயற்கைத் தேர்வு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் பண்ருட்டிப் பக்கம் நல்ல சுளை தரும் பலாவாகப் பார்த்து ஒட்டுக் கட்டுகிறார்கள். அது மனிதன் செய்யும் தேர்வு, சரி. கடல் மீனை யாரும் வளர்ப்பதில்லையே, அங்கே நடப்பது இயற்கைத் தேர்வு மட்டும்தானே?

ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

பலாவைப் பற்றிச் சொன்னது சரி. பாலூர் ஆராய்ச்சி நிலையத்தின் பாலூர்-1 ரகமே பணிக்கன்குப்பத்துப் பலாவிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான்.

கடல் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. தேர்வு நடக்க யாரும் திட்டம் போட வேண்டியதில்லை. உயிருக்கு உயிர் வித்தியாசம் இருந்து, அது குஞ்சுகளுக்கும் இறங்கி, அதனால் சிலவற்றின் வாரிசு மட்டும் அதிகம் தங்கினால் போதும். துறைமுகத்தில் காயப்போட்டிருக்கும் வலையைக் கிட்டத்தில் பாருங்கள். அந்தக் கண்ணில் நுழைந்து வெளியேறும் மீன் பிழைக்கிறது, நுழைய முடியாதது மாட்டுகிறது. வருஷக்கணக்கில் இப்படியே போனால், சின்ன உடம்போடு சீக்கிரம் முட்டையிடும் மீனின் வம்சம்தான் பெருகும். நன்றாக வளர்ந்த பிறகு முட்டையிடும் மீனோ அதற்கு முன்பே கரைக்கு வந்துவிடும்.

அதற்காக, சந்தையில் வஞ்சிரம் சின்னதாக இருந்தால் உடனே பரிணாமம் என்று சொல்லிவிடவும் கூடாது. வளர விடாமல் அள்ளினாலும் அப்படித்தான் வரும், அதில் மரபு மாறியிருக்காது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அமெரிக்காவில் கானவர், மன்ச் என்ற இருவர் சில்வர்சைடு என்ற சிறு மீனைத் தொட்டிகளில் வளர்த்தார்கள். சில தொட்டிகளில் தலைமுறைதோறும் பெரிய மீன்களில் 90 சதவீதத்தை எடுத்தார்கள், வேறு சிலவற்றில் சின்ன மீன்களில் 90 சதவீதத்தை. வளர்த்த விதம் ஒன்றேதான். நான்கே தலைமுறையில், பெரியதை எடுத்த தொட்டி மீனின் சராசரி எடை மற்றதில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 2002-ல் வந்த முடிவு இது. அப்புறம் அப்படி எடுப்பதை நிறுத்திய பிறகும் பழைய அளவு மெல்லத்தான் திரும்பியது. இதுதான் எனக்குக் கவலை தருகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1992-ல் காட் என்ற கடல் மீனைப் பிடிப்பதை நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய வருஷங்களிலேயே அந்த மீன் சின்ன வயதில் முதிர ஆரம்பித்திருந்தது.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை நமக்கு அவசியம். குஞ்சை அள்ளும் சின்னக்கண் வலையைத் தடுப்பதும் அவசியம். ஆனால் குஞ்சை மட்டும் காத்தால் போதாது. பெரும்பாலான இனங்களில் பெரிய தாய் மீன், எடைக்கு எடை பார்த்தாலும், சின்னதைவிட அதிகம் முட்டையிடும். அவற்றில் கொஞ்சமாவது தங்குவதற்கு, வருஷம் முழுக்க வலை போடாத இடங்கள் நம் கடலில் வேண்டும். எந்த இடம் என்பதை மீனவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.